கூட்டுக்குள் ஒரு நைலான் நூல்

குஷன் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தால் பாதி நேரம் 'ம்' என்றுதான் பதில் வரும். புதிதாக வருகிறவர்கள் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். திமிரெல்லாம் இல்லை, வாய் நிறைய ஆணி. சோபாவின் சட்டத்தில் துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் சுத்தியலை ஓங்குகிறவளுக்கு மூன்றாவது கை ஒன்று வேண்டுமே, அதற்கு வாயைத்தான் வைத்திருந்தாள். அவள் கணவருக்கு அந்த 'ம்'களின் அர்த்தமெல்லாம் அத்துப்படி. சரி என்கிற 'ம்' வேறு, அப்புறம் வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்கிற 'ம்' வேறு. இரண்டாவது வந்தால் அவர் சத்தமில்லாமல் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிழிந்த சோபாக்களை வீடுகளிலிருந்து ஏற்றி வருவதும், புதுத்துணி போர்த்தியவற்றைத் திரும்பக் கொண்டு போடுவதும் அவர் வேலை.

கடையில் பேசுவதற்கென்று ஒருத்தி இருந்தாள். அக்காவின் நாத்தனார். உறை தைக்கும் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். கையும் காலும் மிஷினுக்கு, வாய் ஊருக்கு. "அண்ணிக்கும் சேர்த்து நானே பேசிடறேன், கணக்கு சரியாயிடும்" என்பாள்.

அக்கா இந்த வேலையைக் கற்றுக்கொண்டது பஸ் டிப்போவில். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சீட் பிரிவில் சேர்ந்துவிட்டாள். பஸ் சீட்டில் ஒரு நூல்முனை காலையில் வெளியே எட்டிப் பார்த்தால் போதும், உட்காருகிற ஒவ்வொருவரும் அதை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். சாயங்காலம் பஸ் திரும்பி வரும்போது பஞ்சு வெளியே வந்திருக்கும். நாள் தவறாமல் அதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு நூல் விஷயத்தில் ஒரு வெறியே பிடித்துவிட்டது. சொந்தக் கடை போட்டபோது பருத்தி நூலைக் கிட்டே சேர்க்கவில்லை. காப்பிக்கொட்டை நிறத்தில் மெழுகு தடவிய நைலான் நூல்தான். பல்லால் கடித்தாலும் அறாது. "துணி கிழியலாம், பலகை உடையலாம், என் தையல் விடாது" என்று ஆணியைத் துப்பிவிட்டுச் சொல்லுவாள். சோபாவோடு சம்பந்தமில்லாதவர்கள்கூட அந்த நூலுக்காக வந்தார்கள். பள்ளிக்கூடப் பை, லாரித் தார்ப்பாய், ஒரு தடவை யாரோ நாயின் கழுத்துப் பட்டை.

கடை நீளமான ஒரே அறை. தெருப் பக்கம் இரும்பு ஷட்டர், அதற்கு மேலே கண்ணாடி போன ஒரு வெண்டிலேட்டர், கூரைக்குக் குறுக்கே ஒரு இரும்பு உத்தரம். வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அந்த வெண்டிலேட்டர் வழியாக இரண்டு குருவிகள் உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உத்தரத்தில் உட்கார்ந்தன. முதுகு கருநீலமாகப் பளபளத்தது, கழுத்தில் செங்கல் நிறம், வால் இரண்டாகப் பிளந்து நீண்டிருந்தது. தகைவிலான் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நாத்தனாருக்குப் புத்தகப் பெயரெல்லாம் வாயில் நுழையாது. வாலைப் பார்த்த மாத்திரத்தில் "கத்தரிவாலன்" என்று பெயர் வைத்துவிட்டாள்.

மறுநாளே கட்டட வேலை ஆரம்பமாகிவிட்டது. தெருமுனையில் கார் கழுவுகிற இடத்தில் எப்போதும் சேறு தேங்கி நிற்கும். இரண்டும் அங்கே போய் ஒரு வாய் சேறு எடுத்து வந்து, உத்தரத்தின் பக்கவாட்டில் உருண்டையாக ஒட்டிவிட்டு மறுபடி போயின. இடையிடையே சேற்றோடு ஒரு புல் இழையும் வந்தது. காலை முழுக்க இதே வேலை. வெயில் உச்சிக்கு வந்ததும் நிறுத்திவிட்டன.

"பாத்தீங்களா அண்ணி, ரெண்டு வரிசை வச்சுட்டு வேலையை நிறுத்திடுச்சுங்க. காயணுமாம். நம்ம வீட்டுக்கு வந்த கொத்தனார் ஒரே நாள்ல மூணு சுவரை எழுப்பிட்டு, மறுநாள் சாய்ஞ்சு போச்சேன்னு நம்மளையே திட்டினாரு."

அக்கா 'ம்' என்றாள். சிரிக்கிற 'ம்'.

வேன்காரக் கணவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கீழே பல் டாக்டருடைய நாற்காலிகள் வரிசையாக நின்றன, பாதிக்கு மட்டும் வெளிர்நீலத் துணி போர்த்தியபடி. "மேலேருந்து ஏதாவது விழுந்துச்சுன்னா டாக்டர் நம்ம பல்லைப் பிடுங்கிடுவாரு. இவங்க உள்ளே வர்றதுக்கு முன்னாடி அட்வான்ஸ் ஏதும் வாங்குனியா?" என்று கேட்டார். அக்கா ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாற்காலியை நகர்த்திப் போடுங்க. கூட்டை நகர்த்த முடியாது."

கிண்ணத்தைப் பாதியாக வெட்டி உத்தரத்தில் ஒட்டினாற்போல் கூடு எழும்பி நின்றது. சேற்று வேலை முடிந்ததும் குருவிகள் மெத்தை வேலையில் இறங்கின. அக்கா அதைப் பார்த்து அசந்துபோனாள், அவள் தொழில் அல்லவா அது. அந்த வாரம் ஒரு பழைய வீட்டிலிருந்து இறகுத் தலையணைகள் வந்திருந்தன. ஒன்றைப் பிரித்தபோது ஒரு வெள்ளை இறகு எழும்பி ஃபேன் காற்றில் மிதந்தது. பெட்டைக் குருவி உத்தரத்திலிருந்து வழுக்கி இறங்கி, தரையைத் தொடுவதற்குள் அந்தரத்திலேயே அதைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போய்விட்டது. நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டாள். அக்கா இன்னொரு இறகை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். அதுவும் போனது. அன்றைக்குச் சாயங்காலம்வரை யாருக்கும் வேலை ஓடவில்லை. பல் டாக்டரிடம் மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

தலையணைகள் தைத்து முடிந்து வேனில் ஏறிப் போய்விட்டன. கூட்டில் வேலை முடியவில்லை. பெட்டை வெண்டிலேட்டர் விளிம்பில் வந்து உட்கார்ந்து இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. புதுக்குடித்தனம் வைக்கிறவளை வெறுங்கையோடு அனுப்பலாமா? தன்னிடம் இருப்பதில் எது உசத்தியோ அதைக் கொடுத்தாள். நைலான் நூலில் ஒரு முழம் வெட்டி, முறுக்கைப் பிரித்து, இழை இழையாக நீவி, பஞ்சு மாதிரி பூவாக்கி, ஏணியில் ஏறி அந்த விளிம்பில் வைத்தாள். குருவி கொஞ்சம் யோசித்தது. அப்புறம் எடுத்துக்கொண்டது. கூட்டில் செருகி, அதன் மேல் ஒரு வாய் ஈரச் சேற்றையும் அப்பியது.

"நம்ம நூலை எடுத்துக்கிச்சு" என்று பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னாள் அக்கா. தானாகப் போய் அவள் யாரிடமும் எதையும் சொன்னதாக அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. "இனிமே அந்தக் கூட்டுக்குக் காலாகாலத்துக்கும் ஒண்ணும் ஆகாது."

பெட்டை அடைகாக்க உட்கார்ந்தது. கீழிருந்து பார்த்தால் கூட்டின் விளிம்புக்கு மேலே வால்நுனி மட்டும் தெரியும். ஆண் உத்தரத்தின் மறுமுனையில் உட்கார்ந்து காவல் காத்தது. யாராவது ஏணியை நகர்த்தினால் 'ட்விட்' என்று ஒரு அதட்டல் போடும். ஒரு நாள் காலையில் கூட்டுக்கு அடியில் போட்டிருந்த அட்டையில் செம்புள்ளி தெளித்த வெள்ளை முட்டையோட்டுத் துண்டுகள் கிடந்தன. அன்றிலிருந்து பெற்றவை இரண்டுக்கும் ஓய்வே இல்லை. பூச்சியைக் கொண்டு வந்து ஊட்டிவிட்டுத் திரும்பும்போது குஞ்சின் எச்சத்தைச் சின்ன வெள்ளை மூட்டையாகக் கவ்விக்கொண்டு வெளியே கொண்டுபோய்ப் போட்டன.

"டயப்பர் மாத்துதுங்க அண்ணி. ஆம்பளையும் மாத்துது, பாத்துக்குங்க" என்று அண்ணன் காதில் விழும்படி நாத்தனார் சொன்னாள்.

"நான் மாத்தினது உனக்கு ஞாபகமிருக்காது. உனக்குத்தான் மாத்தினேன்" என்றார் வேன்காரர்.

குஞ்சுகள் வளர்ந்ததும் அந்தச் சலுகை நின்றுபோனது. பின்பக்கத்தை விளிம்புக்கு வெளியே நீட்டி நேராக அட்டைக்கே அனுப்பின. பிறகு கூட்டு விளிம்பில் ஏறி நின்று, பறக்காமலே சிறகை மட்டும் படபடவென்று அடித்துப் பழகின. மூன்று குஞ்சுகள் அப்படிச் செய்தன. நான்காவதும் செய்யப் பார்த்தது. ஆனால் எழும்பும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தாற்போல் உள்ளே உட்கார்ந்துவிட்டது.

"சோம்பேறி. கடைக்குட்டியா இருக்கும்" என்றாள் நாத்தனார்.

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். அந்த இழுப்பு அவளுக்குத் தெரிந்த இழுப்பாக இருந்தது. தையல் போட்ட துணியை இழுத்துப் பார்த்தால் இப்படித்தான் கொஞ்சம் வந்து, சட்டென்று நிற்கும். கண்ணாடிக்கடைக்காரரிடம் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துண்டு கேட்டாள். அவர் அதைத் திரைச்சீலைக் கம்பியின் நுனியில் சாய்வாகக் கட்டிக்கொடுத்துவிட்டு, என்னதான் செய்கிறாள் என்று பார்க்கத் தானும் கூடவே வந்தார். அக்கா முக்காலியில் ஏறி, தூர நின்றே கண்ணாடியைக் கூட்டுக்கு மேலே பிடித்தாள்.

இறகு மெத்தை, நெருக்கியடித்துக்கொண்டு நான்கு குஞ்சுகள். ஓரத்துக் குஞ்சின் ஒரு காலைச் சுற்றிக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு மெத்தைக்கு அடியில் போய், சேற்றுச் சுவருக்குள் புதைந்திருந்தது.

அக்கா இறங்கினாள். வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். வேன்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"என்னம்மா?"

"என் நூல். கால்ல மாட்டிக்கிட்டிருக்கு."

வேன்காரர் ஏணியை எடுக்கப் போனார்.

"அண்ணா, நில்லு. நீ ஏறினா மத்த மூணும் பயந்துபோய்க் குதிச்சிடும். இன்னும் பறக்க வராது அதுங்களுக்கு. வெளியே பூனை உக்காந்திருக்கு பாரு, வாசலைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி."

"அதுக்காக இதைக் கட்டிப்போட்டபடியே விட்டுடறதா?" என்று கேட்டார் வேன்காரர்.

"நான் அப்படிச் சொல்லலையே."

கண்ணாடிக்கடைக்காரர் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்கு ஃபோன் போட்டு அக்காவின் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் பேசிய பெண் நிதானமாகக் கேட்டாள். குஞ்சுகளுக்கு இறகு முழுக்க வந்துவிட்டதா? வந்துவிட்டது. மாட்டிய கால் கறுத்திருக்கிறதா? இல்லை. விரல் அசைகிறதா? அக்கா மறுபடி கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். மூடியது, திறந்தது. "அசையுதுங்க."

"அப்ப கொஞ்சம் பொறுங்க. இப்ப கையை நீட்டினா மத்ததெல்லாம் சிதறிப் போயிடும். அதுங்களா வெளியே போகட்டும். போனதும் தாமதிக்காம அறுத்து விட்டுடுங்க. தினமும் காலைப் பாருங்க. கறுத்துச்சுன்னா உடனே கூப்பிடுங்க, காத்திருக்க வேண்டாம்."

பொறு என்று சொல்வது சுலபம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல் டாக்டர் நாற்காலி ஒன்றில் முதுகுத் துணியைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டு, பிறகு எல்லா ஆணியையும் பிடுங்கினாள். வேலைக்கு நடுவே எழுந்து எழுந்து கண்ணாடிக் கம்பியை எடுத்தாள். நாத்தனார் அந்தக் கம்பியை ஒளித்து வைத்தாள்.

"சும்மா சும்மா பாத்தா அதுங்களுக்கே பயம் வந்துடும் அண்ணி. காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. நான் எடுத்துத் தர்றேன்."

"நான்தானே கொடுத்தேன்" என்றாள் அக்கா. "அது கேக்கவே இல்லை. புல்லு கிடைச்சாப் போதும்னு இருந்திருக்கும்."

"நல்லதுன்னு நினைச்சுத்தானே கொடுத்தீங்க."

"நல்லதுதான். அறாது."

நாத்தனார் மிஷினை மிதித்தாள்.

ஒரு காலை மூன்றும் கிளம்பின. பெற்றவை தந்திரம் செய்தன. பூச்சியை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே வராமல் வெளியே தெரு மின்கம்பியில் உட்கார்ந்து கூப்பிட்டன. பசி தாங்காமல் முதல் குஞ்சு வெண்டிலேட்டருக்குத் தாவியது, கொஞ்ச நேரத்தில் அடுத்தது, வெயில் ஏறியதும் மூன்றாவது. கண்ணாடிக்கடைக்காரர் கையில் விளக்குமாற்றோடு பூனைக்குக் காவல் நின்றார். நான்காவது விளிம்புக்கு வந்தது, எழும்பியது, விழுந்தது. கத்திக்கொண்டே இருந்தது. தாய் ஒரு தடவை உள்ளே வந்தது. வாயில் தும்பி மாதிரி ஏதோ இருந்தது. கூட்டுக்கு முன்னால் அந்தரத்தில் சிறகடித்து நின்று, ஊட்டாமல், பின்வாங்கி, வெண்டிலேட்டர் பக்கமாகப் போய்த் திரும்பிப் பார்த்தது. வா என்கிறது. இந்தப் பக்கம் கழுத்து நீண்டதே தவிர உடம்பு வரவில்லை. தாய் தும்பியோடேயே வெளியே போய்விட்டது. அடுத்த கணம் கம்பியிலிருந்த ஒரு குஞ்சின் வாய்க்குள் அது போனது.

"ஏணியைப் போடுங்க" என்றாள் அக்கா.

நாத்தனார் ஃபேனை நிறுத்தினாள். வேன்காரர் ஏணியின் காலை மிதித்துக்கொண்டு நின்றார். அக்கா ஒரு பழைய தலையணை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியோடு ஏறினாள். குஞ்சு கூட்டின் மூலையில் ஒடுங்கியது. உறையால் மூடி அள்ளினாள். உள்ளங்கையில் கனமே தெரியவில்லை. துடிப்பு மட்டும் தெரிந்தது. மறுகையால் நூலைத் தேடிப் பிடித்து, கூட்டிலிருந்து விடுபடுமா என்று மெதுவாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. சேறு பெயர்ந்து உதிர்ந்ததே தவிர இழை அப்படியே இருந்தது. சேற்றுப் பக்கமாகக் கத்தியை வைத்து அறுத்தாள். இரண்டு தடவை அறுக்க வேண்டியிருந்தது.

மேசை விளக்கின் கீழே நாத்தனார் குஞ்சைத் துணியோடு பிடித்துக்கொண்டாள், தலையை மூடி, காலை மட்டும் வெளியே விட்டு. நூல் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. கத்திக்கு இடமில்லை. அக்கா வளைந்த ஊசியை எடுத்து, முனையை விட்டுவிட்டுக் காதுப் பக்கத்தை மெல்ல அடியில் நுழைத்தாள். தூக்கினாள். அந்த மயிரிழை இடைவெளியில் கத்தி நுனி புகுந்தது. ஒரு சுற்று விட்டது.

"பேஷண்ட் தைரியமாத்தான் இருக்கு" என்றார் வேன்காரர். "டாக்டருக்குத்தான் கண்ணுல தண்ணி."

"கொஞ்சம் சும்மா இருங்க. விளக்கை மறைக்கிறீங்க."

இரண்டாவது சுற்றும் விட்டது. அந்த இடத்தில் கால் வீங்கிச் சிவந்திருந்தது. முன் விரல்களில் இரண்டு மூடித் திறந்தன, ஒன்று அசையவில்லை. ஃபோனில் சொன்ன பெண்ணையே மறுபடி கூப்பிட்டார்கள். மருந்து எதுவும் போட வேண்டாம், கூட்டிலேயே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், மற்றதைத் தாய் பார்த்துக்கொள்ளும் என்றாள்.

வைப்பதற்கு முன்னால் அக்கா மறுபடி ஏறி, கூட்டை விரலால் துழாவினாள். இறகை விட்டுவிட்டு, தன் நூலை மட்டும் ஒவ்வொரு இழையாகத் தேடி எடுத்தாள். தான் கொடுத்தது இவ்வளவா என்று இருந்தது. சேற்றுக்குள் போனவற்றை விளிம்போடு விளிம்பாக வெட்டினாள். பிறகு குஞ்சை உள்ளே விட்டாள். அவள் இறங்குகிறவரை பெற்றவை இரண்டும் அவள் தலையைச் சுற்றி வந்து ஏசித் தீர்த்தன.

"என்னமா திட்டுது பாருங்க. எனக்கே தெரியாத வார்த்தையெல்லாம் இருக்கும் போல" என்றாள் நாத்தனார்.

மூவரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கண்ணாடிக்கடைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து வெண்டிலேட்டர் தெரியாது, சத்தம்தான் கேட்கும். குஞ்சின் கத்தல் கேட்டுக்கொண்டே இருந்தது. மனுஷக் கை பட்டதைத் தாய் ஒதுக்கிவிடுமோ, இனி இந்தப் பக்கமே வராதோ என்று அக்கா கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தே கண்ணாடிக்கடைக்காரர், "வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று கத்தல் உச்சத்துக்குப் போய், சட்டென்று அடங்கியது. வாய் நிறைந்தால் மட்டுமே வருகிற அமைதி அது.

"ஊட்டியாச்சு" என்றார் வேன்காரர். ஏதோ தானே ஊட்டினாற்போல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று அது பறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வெளியே போன மூன்றும் திரும்பி வந்து, கூட்டுக்குள் நான்காவதை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. மறுநாள் காலையில் அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து ஷட்டரைத் தூக்கினாள். கூடு காலி. அட்டையைப் பார்த்தாள், சோபாக்களுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், பூனையைத் தேடினாள். பூனை கார் மீது படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் வாயில் ஒன்றும் இல்லை.

"அண்ணி, இங்க வாங்க" என்று தெருவிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். "மேலே பாருங்க."

கம்பியில் நான்கு குஞ்சுகள். மூன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. நான்காவது வயிற்றைக் கம்பி மேல் போட்டுப் படுத்தாற்போல் இருந்தது. ஒரு கால் பிடித்திருந்தது, மற்றது விரல் பிரியாமல் வெறுமனே சாய்ந்திருந்தது. காற்று ஒரு வீசு வீசியதும் கம்பி ஆடியது. அது வழுக்கியது.

அக்காவின் கை தன்னையறியாமல் முன்னால் நீண்டது.

குஞ்சு கீழே வரவில்லை. வழுக்கிய அதே வேகத்தில் சிறகை விரித்து, கண்ணாடிக்கடைப் பலகைக்கு மேலாக வளைந்து, தெருவின் அந்தக் கோடிவரை போனது. எதிரே பூச்சியோடு வந்த தாய் பறந்தபடியே வாயோடு வாய் வைத்துக் கொடுத்துவிட்டு நிற்காமல் போனது. குஞ்சு திரும்பி வந்தது. கம்பியை ஒரு தடவை தவறவிட்டது. மறுபடி சுற்றி வந்து, மற்ற மூன்றுக்கும் கொஞ்சம் தள்ளி, வயிற்றைப் போட்டு உட்கார்ந்தது.

"இது உக்கார்றதுக்குத்தான் தடுமாறும் போல" என்றாள் நாத்தனார். "பறக்கிறதுல ஒரு குறையும் இல்லை."

வேன்காரர் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "பல் டாக்டர் ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டாரு. நாற்காலியை ஏத்தலாமா?"

"ஏத்துங்க" என்றாள் அக்கா, அண்ணாந்தபடியே. "நான் இன்னும் ஒரு தடவை அது எந்திரிச்சு உக்கார்றதைப் பாத்துட்டு வர்றேன்."